முப்பது மடிக்கணினி, ஒரு சாவி: இரண்டரை ஆண்டு கழித்து ஒரு விமர்சனம்

இந்த ஆண்டு மட்டும் மூன்று பேர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூவருமே மலேசியாவில், பினாங்கு மாநிலத்தில் வேறு வேறு தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்கள், கேள்வியும் ஒன்றுதான்: "அண்ணே, உங்க ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு வாங்குன லேப்டாப் பேக்கேஜ் எப்படி, நாங்களும் வாங்கலாமா?" ஆளுக்கு முக்கால் மணி நேரம் பேசி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். விற்ற கடையின் பெயரைப் போடவில்லை, பள்ளியின் பெயரும் இல்லை. தீவில் இருக்கிற நடுத்தரப் பள்ளி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மாநிலத்தில் மொத்தமே 28 தமிழ்ப்பள்ளிகள், இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், சங்கத்தில் பொருளாளர். ரசீதெல்லாம் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

2023 ஏப்ரலில் வாங்கினோம். 11.6 அங்குலக் குரோம்புக் (கூகுளின் குரோம் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினி) 30, ஒன்று 1,280 ரிங்கிட். ஆண்டு 5-இல், அதாவது ஐந்தாம் வகுப்பில், 28 பிள்ளைகள், ஆக இரண்டு உபரி. சார்ஜ் போடும் தள்ளுவண்டி 4,200. அப்புறம் 'ஆசிரியர் பயிற்சி' என்று ஒரே ஒரு வரி, அதற்கு 3,600. மூன்றாண்டு உத்தரவாதம் சேர்த்து 46,200 ரிங்கிட். இரண்டு கேண்டீன் டே நடத்தி, முறுக்கு விற்று, பாதிப் பணத்தை ஒரு முன்னாள் மாணவர் கொடுத்து உதவிய பிறகுதான் இவ்வளவும் தேறியது. 2020 மார்ச் 18 அன்று கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது மூன்று பிள்ளைகள் ஒரு கைப்பேசியைப் பிடித்து இழுத்த வீடுகள் எங்கள் பள்ளியில் நிறைய. 2021-இல் செர்டிக் திட்டம் வந்தது, பி40 (வருமானத்தில் கீழ் 40 விழுக்காடு) குடும்பப் பிள்ளைகள் 150,000 பேருக்குக் கருவி என்று அறிவித்தார்கள், ஆனால் எல்லா வீட்டுக்கும் அது எட்டவில்லை. எனவே ஒரு வகுப்பிலாவது ஆளுக்கு ஒன்று கொடுத்துப் பார்ப்போம் என்று பெற்றோர்களே ஆசைப்பட்டுத் தொடங்கியது இது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல பொருள். 4 ஜிபி ரேம், சாதாரண செலரான் சில்லு, பெரியவர்களுக்கு எரிச்சல் வரும், பத்து வயதுப் பிள்ளை எழுதவும் படம் போட்டுக் காட்டவும் தாராளம். ஓரமெல்லாம் ரப்பர். என் மகன் மாடிப்படியில் ஒருமுறை போட்டுவிட்டு வீட்டில் சொல்லவே இல்லை, மூன்று மாதம் கழித்து அவன் தங்கை போட்டுக்கொடுத்ததில்தான் தெரிந்தது, கணினிக்கு ஒரு கீறல்கூட இல்லை. பேட்டரி பள்ளி நேரம் முழுக்கத் தாங்குகிறது. இரண்டரை ஆண்டில் திரை உடைந்தது மூன்று, விசைப்பலகையில் மைலோ கொட்டியது ஒன்று. மைலோ குடித்தது பிழைத்துக்கொண்டது.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கடைத் தம்பி முதலில் காட்டிய மாடல் ஒன்றுக்கு 300 ரிங்கிட் மலிவு, பொருளாளர் மூளைக்கு உடனே பிடித்துப்போனது. என் மூத்த மகள்தான் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு 2026 ஜூனோட அப்டேட் நின்னுடும்" என்றாள். குரோம்புக்குக்குத் தயிர் டப்பா மாதிரி ஒரு காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகும் ஓடும், ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது. அந்தக் கணக்கு நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடாது, அந்த வகை முதலில் வெளிவந்த நாளிலிருந்து ஓடும், ஆகவே கடையில் இரண்டு வருடம் தூங்கிய பெட்டியை வாங்கினால் இரண்டு வருடம் போச்சு. 2023 செப்டம்பரில் கூகுள், 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்தாண்டு புதுப்பிப்பு என்று அறிவித்தது நல்ல செய்தி, இருந்தாலும் பழைய சரக்கு சந்தையில் கிடக்கிறது. தேதியை எழுத்தில் வாங்குங்கள். அதோடு 'குரோம் எஜுகேஷன் அப்கிரேட்' என்ற உரிமம் விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், கருவி ஒன்றுக்கு ஒருமுறை கட்டுவது அது. எங்களுக்கு அது முதலில் இல்லை, கேட்ட பிறகுதான் சேர்த்துக் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் காணாமல் போன கணினியைத் தூரத்திலிருந்து முடக்க முடியாது, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அமைப்பு மாற்றவும் முடியாது, முப்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து உட்கார வேண்டியதுதான்.

கணினிக்கு ஐந்தில் நான்கு. வெறும் கருவி விமர்சனம் என்றால் இங்கேயே முடித்திருப்பேன்.

ஆனால் 2023 செப்டம்பரிலிருந்து 2024 மார்ச் வரை அந்த முப்பதும் ஒரு இரும்பு அலமாரிக்குள் கிடந்தன. அந்தக் கதையைச் சொல்லாமல் நட்சத்திரம் போட்டால் உங்களை ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும்.

முதல் நான்கு மாதம் அமர்க்களம். அறிவியல் ஆசிரியர் ஒருவர், இளைஞர், ராத்திரி பத்து மணிக்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்) பதில் போடுகிறவர், எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொண்டார். 28 பிள்ளைகளுக்கும் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கைத் தயார் செய்தது அவர், மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தது அவர், தள்ளுவண்டியைத் தினமும் பிளக்கில் மாட்டியதும் அவர்தான். செடி வளர்வதைத் தினமும் படம் பிடித்து அளந்து பிள்ளைகள் வரைபடம் போட்டதை நாங்கள் பொதுக்கூட்டத்தில் காட்டிப் பெருமைப்பட்டோம். ஆகஸ்டில் அவருக்குக் கெடா மாநிலத்துக் கூலிமுக்கு மாற்றல் வந்தது. அவ்வளவுதான். அவர் போன அடுத்த திங்கட்கிழமை யார் அலமாரியைத் திறப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. சாவி அலுவலகத்தில், துணைத் தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுக்க வேண்டுமானால் பதிவேட்டில் கையெழுத்து, திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு கையெழுத்து, ஏதாவது உடைந்தால் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. நீங்கள் ஆசிரியராக இருந்தால் எடுப்பீர்களா? நான் எடுக்க மாட்டேன்.

அந்த நாட்களில் நான் ஆசிரியர்கள் மேல் கோபமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 46,000 ரிங்கிட், எத்தனை முறுக்கு! ஒரு சனிக்கிழமை பள்ளிக்குப் போய் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டபோதுதான் நிலவரம் புரிந்தது. ஒரு பாடவேளை 30 நிமிடம். அலுவலகம் போய் சாவி வாங்கி, கணினியைப் பங்கு வைத்து, கடவுச்சொல் போட்டு உள்ளே போவதற்குள் பன்னிரண்டு நிமிடம், திருப்பி வைக்க ஐந்து நிமிடம். மிச்சம் பதின்மூன்று நிமிடத்தில் என்ன பாடம் நடத்துவது? வைஃபை பெட்டி அலுவலகத்தில் இருந்ததால் கடைசி வகுப்பில் 28 பேர் ஒன்றாக உள்ளே போனால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். தள்ளுவண்டியை மாட்டினால் பழைய வயரிங் எரிந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டதால் சார்ஜ் போடவே பயம். (இது சும்மா பயம்தான். சார்ஜர் ஒன்று 45 வாட், முப்பதும் சேர்ந்து 1,350. நம் 13 ஆம்பியர் பிளக்கு கிட்டத்தட்ட 3,000 வாட் தாங்கும். ஒரு மின்பணியாளர் அப்பாவை அழைத்துவந்து வயரைச் சோதித்துக் காட்டிய பிறகு அடங்கியது.) இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது, அது எந்தக் கடைக்காரர் வாயிலும் வராது: பயிற்சிப் புத்தகம். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறவர்கள் மாணவர் புத்தகத்தில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது, சிவப்பு மையில் திருத்தியிருக்கிறதா என்றுதான் புரட்டுவார்கள் என்பது ஆசிரியர்களின் பயம். கணினியில் செய்த வேலை யார் கணக்கிலும் வராது, எனவே கணினியில் செய்துவிட்டு அதையே புத்தகத்திலும் எழுத வேண்டும், ஆக இரட்டை வேலை. 2021-இல் ஆண்டு 6 பிள்ளைகள் எழுதும் யுபிஎஸ்ஆர் பொதுத்தேர்வையே எடுத்துவிட்டார்கள், இருந்தும் அந்தத் தேர்வுக்காக உருவான பழக்கங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தன.

கடையின் பயிற்சி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 3,600 ரிங்கிட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், எண்பது ஸ்லைடு, நாசி லெமாக். நாசி லெமாக் நன்றாக இருந்தது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள், ஆண்டு 5 தமிழ்ப் பாடத்தில் ஒரு கட்டுரையை இதை வைத்து எப்படி நடத்துவது என்று ஒரு ஆசிரியை கேட்டதற்கு, "அதெல்லாம் உங்க கிரியேட்டிவிட்டி டீச்சர்" என்று பதில் வந்தது. என்னிடம் தனியாக அந்தத் தம்பி சொன்னது இன்னும் அழகு: "பிள்ளைங்க கையில குடுத்துடுங்க அண்ணே, மிச்சத்தை அதுங்களே பார்த்துக்கும்."

இந்த வசனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு 'நூறு டாலர் கணினி' என்று உலகத்துக்கு அறிவித்தபோதும் நம்பிக்கை கிட்டத்தட்ட இதேதான். பெரு நாடு எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கிக் கிராமப் பள்ளிகள் வரை கொண்டுபோனது. அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டது: கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கான அடையாளம் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் 2013-இல் எல்லாருக்கும் ஐபேட் என்று கிளம்பியது, பிள்ளைகள் சில நாட்களிலேயே பூட்டை உடைத்து முகநூலுக்குள் போய்விட்டார்கள், அடுத்த ஆண்டே ஒப்பந்தத்தை நிறுத்தினார்கள். இன்னொரு பக்கம், அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் 2002-இல் ஏழாம் வகுப்பில் தொடங்கியது இன்றைக்கும் பேசப்படுகிறது, அங்கே ஆசிரியர் பயிற்சி திட்டத்துக்குள்ளேயே இருந்தது, ஒரு சனிக்கிழமையோடு முடியவில்லை. நம் நாட்டுக்கும் இது புதிதில்லை. கணினி வழிக் கற்பித்தலுக்காக 1999-இல் தொடங்கிய ஸ்மார்ட் பள்ளி முன்னோட்டத்தை நினைவிருக்கிறவர்கள் இன்னும் பள்ளிகளில் இருக்கிறார்கள், அவர்கள் ஒவ்வொரு புதுப் பெட்டியையும் ஏன் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது.

2024 ஜனவரியில் புதுத் தலைமையாசிரியை வந்தார். அலமாரியைப் பார்த்தார், உடனே ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு மாதம் சும்மா கவனித்தார். மார்ச்சில் புதுப் பள்ளி ஆண்டு தொடங்கியபோது வரிசையாக மாற்றினார், அதில் ஒன்றுகூடக் கணினியைத் தொடுகிற மாற்றம் இல்லை.

சாவி வகுப்பறைக்கு வந்தது. ஆண்டு 6-க்குப் போன பழைய பிள்ளைகள் நால்வரைக் கணினிக் காவலர்கள் ஆக்கினார். காலையில் தள்ளுவண்டியைத் திறந்து, எண் பார்த்து மேசையில் வைப்பது, மாலையில் எண்ணி மாட்டுவது அவர்கள் வேலை. கையெழுத்துப் பதிவேட்டைத் தூக்கிவிட்டார். உடைந்தால் ஆசிரியர் பொறுப்பு என்பதை எடுத்துவிட்டு, பழுதுநிதி என்று ஒன்றைச் சங்கத்தில் வைக்கச் சொன்னார், வீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட். (திரை மாற்ற 280 ஆகிறது, உத்தரவாதம் உடைந்த திரைக்குச் செல்லாது என்று கடை பிறகுதான் சொன்னது. படித்துப் பார்க்காதது என் தப்பு.) கால அட்டவணையில் தமிழ், அறிவியல், கணிதத்துக்கு வாரம் ஒருமுறை இரண்டு பாடவேளையை ஒட்டி ஒரு மணி நேரம் ஆக்கினார். கேட்க எளிது. ஆனால் ஒரு வகுப்புக்கு ஒட்ட வேண்டுமானால் ஆறு வகுப்புகளின் அட்டவணையும் கலைந்து, நன்னெறி ஆசிரியர், மலாய் ஆசிரியர், திடல் நேரம் எல்லாம் நகர வேண்டும், துணைத் தலைமையாசிரியர் மூன்று வாரம் அந்த அட்டையை வைத்துக்கொண்டு மல்லாடினார். ஆண்டு 5-க்கு வந்த கணினிக்காக ஆண்டு 1 ஆசிரியை தன் பாடவேளையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? கொடுத்தார்கள், ஏனென்றால் ஆசிரியர் கூட்டத்தில் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டுத்தான் செய்தார்.

புத்தகப் பயத்துக்கும் மருந்து அவரிடம் இருந்தது: கணினியில் திருத்திய வேலையும் திருத்தியதுதான், இரண்டு வாரத்துக்கு ஒன்றை அச்செடுத்துக் கோப்பில் போடுங்கள், யாராவது கேட்டால் நான் பதில் சொல்கிறேன் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அலமாரி பூட்டப்படவே இல்லை.

எனக்குப் பிடித்த மாற்றம் தட்டச்சு. முதல் ஆண்டில் ஒருவர் ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் வரும் முறையைச் சொல்லிக் கொடுத்தார், இன்னொருவர் தமிழ்99 விசைப்பலகை முறை என்றார், மூன்றாமவர் எதற்கு வம்பு என்று மலாயிலேயே செய்யச் சொன்னார். கணினியில் தமிழ் எழுதும் முரசு மென்பொருளை 1985-லேயே உருவாக்கிய முத்து நெடுமாறன் பிறந்த நாட்டில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தமிழில் அடிக்கத் தெரியாமல் முழித்தார்கள்! ஆசிரியர்கள் கூடி விவாதித்து (சண்டை என்றும் சொல்லலாம்) தமிழ்99 என்று முடிவெடுத்தார்கள். குரோம்புக்கில் அது ஏற்கெனவே இருக்கிறது, அமைப்பில் சேர்த்தால் போதும். உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில், ககர விசையை இரண்டுமுறை அடித்தால் புள்ளி தானாக விழுந்து க்க வந்துவிடும். நம் எழுத்து எப்படிக் கட்டியிருக்கிறது என்பதே விரலில் பதிகிறது. இப்போது ஆண்டு 3 வகுப்பில், கணினியே இல்லாத வகுப்பில், விசைப்பலகைப் படத்தை ஒட்டிவைத்துப் பழக்குகிறார்கள், ஆண்டு 5-க்கு வரும்போது விரல் தயாராக இருக்கட்டும் என்று.

ஆசிரியர்களுக்கு வியாழக்கிழமை பள்ளி முடிந்து நாற்பது நிமிடம். கடைக்காரர் கிடையாது, ஸ்லைடு கிடையாது, ஒருவர் அந்த வாரம் செய்த ஒரு பாடத்தைக் காட்டுவார், சொதப்பியதையும் காட்ட வேண்டும். ஒரே ஆள் தூக்கிச் சுமந்தால் அந்த ஆள் மாற்றலாகிப் போவார் என்பதைக் கூலிம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அதன் பிறகு இரண்டு ஆசிரியர்கள் மாற்றலாகிப் போனார்கள், வகுப்பு நிற்கவில்லை.

வைஃபைக்குச் சங்கமே செலவு செய்தது. கம்பி இழுத்து வகுப்பிலேயே ஒரு பெட்டி மாட்டினோம், அதிகம் எழுத ஒன்றுமில்லை.

வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதில்தான் இழுபறி. வெள்ளிக்கிழமை மட்டும் கொடுக்கலாம் என்று முடிவானது. முதல் வாரமே ஒரு பாட்டி பள்ளிக்கு வந்து, "இதுல சீரியல் வரலையே டீச்சர், கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். பள்ளிக் கணக்கில் பூட்டியிருக்கிறது பாட்டி என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சில பெற்றோர் இன்னும் வாங்குவதில்லை, வீட்டில் அண்ணன் தம்பி சண்டை வரும் என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

மதிப்பெண் கூடியதா என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு வகுப்பையும் இரண்டு ஆண்டையும் வைத்துக்கொண்டு கூடியது என்று சொல்பவர் உங்களிடம் ஏதோ விற்கப் பார்க்கிறார். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் இரண்டாவது மகன் பினாங்குக் கொடிமலை ரயிலைப் பற்றிக் கட்டுரை எழுதினான். முதல் வரைவில் ரயில் ஓடத் தொடங்கியது 1823 என்று போட்டிருந்தான். ஆசிரியை ஓரத்தில், "அப்போது பினாங்கில் ரயில் இருந்ததா? தேடிப் பார்" என்று மட்டும் எழுதியிருந்தார். தேடினான், 1923 என்று திருத்தினான், கூடவே ஒரு பத்தியைத் தூக்கி மேலே வைத்தான், கடைசி வரியை அழித்துவிட்டு வேறு எழுதினான். நாலு வரைவு. அவன் அண்ணன் காலத்தில் கட்டுரையைத் திருத்தி எழுதுவது என்றால் மூன்று பக்கத்தை மறுபடி கையால் எழுதுகிற தண்டனை, அதனால் யாரும் திருத்தவே மாட்டார்கள். இந்த நாலு வரைவுக்காக நான் இன்னும் ஒரு கேண்டீன் டேயில் வெயிலில் நின்று முறுக்கு விற்கத் தயார்.

கடையின் சேவைக்கு ஐந்தில் இரண்டு. பொருளை நாணயமாகக் கொடுத்தார்கள், உபரி இரண்டையும் சொன்ன நாளில் தந்தார்கள், அது இல்லாவிட்டால் பழுதுக்குப் போன கணினி திரும்பி வரும் மூன்று வாரமும் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் 24 மணி நேர உதவி என்றது ஒரு புலனக் குழு, அதில் 24 மணி நேரமும் வருவது தானியங்கி நன்றிச் செய்தி. பயிற்சிக்குப் பூஜ்யம், நாசி லெமாக்குக்காக வேண்டுமானால் அரை.

வாங்கலாமா என்று கேட்ட அந்த மூவரிடமும் நான் திருப்பிக் கேட்டது: சாவி யாரிடம் இருக்கப் போகிறது, பாடவேளை எத்தனை நிமிடம், கணினியில் செய்த வேலையைத் தலைமையாசிரியர் கணக்கில் எடுப்பாரா, இப்போது ஓடியாடும் அந்த ஓர் ஆசிரியர் நாளை மாற்றலானால் யார்? இரண்டு பேர் பள்ளியில் பேசிவிட்டு வருகிறோம் என்றார்கள். ஒருவர், "அண்ணே, சலுகை இந்த மாசத்தோட முடியுது" என்றார். வாங்கிவிட்டார் என்று கேள்வி.

நாங்கள் அடுத்த ஆண்டு, ஆண்டு 4-க்கும் வாங்குவதாக இருக்கிறோம். அதே கடையிலிருந்து விலைப்பட்டியல் வந்திருக்கிறது, ஆசிரியர் பயிற்சி இப்போது 4,000 ரிங்கிட். அந்த வரியை வெட்டிவிட்டு, அந்தப் பணத்துக்கு மூன்று உபரிக் கணினியும் காலாவதித் தேதியை எழுத்திலும் கேட்டு அனுப்பியிருக்கிறேன். புலனத்தில் நீலக் குறி விழுந்து ஒன்பது நாளாகிறது, தானியங்கி நன்றி மட்டும் வந்திருக்கிறது.